மந்தார வானமும் வெளிமானும்

வனவிலங்குகளை ஒளிப்படம் எடுக்கத் தொடங்கும் நண்பர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கலாம்?" என்பதாகவே இருக்கிறது. விலங்கின் கண்ணிமை வரை தெரிய வேண்டும். பின்னணி முழுவதும் மங்கிவிட வேண்டும். அதற்கு நீல வானமும் நல்ல வெயிலும் வாய்க்க வேண்டும் என்பது பரவலான எண்ணம். வானம் மந்தாரமாக இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுவோர் உண்டு. விடுப்புக்கு விண்ணப்பித்து, ரயில் சீட்டும் சஃபாரி அனுமதியும் பெற்றுக் கிளம்பிய பின் மேகம் கூடிவிட்டால், அந்த நாள் வீணாகிவிட்டது என்று மனம் சோர்வதும் இயல்பே.

விடுமுறைகளில் கேமராவுடன் நாட்டின் புல்வெளிகளையும் நீர்நிலைகளையும் சுற்றிவந்ததில் நாம் கண்டது வேறு. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தூண்டும் படங்கள் பெரும்பாலும் மேகம் கவிந்த, பனி மூடிய, புழுதி பறந்த நாள்களிலேயே கிடைத்திருக்கின்றன. அவற்றில் விலங்கு சிறியதாகவும் வானம் பெரியதாகவும் இருக்கும். அத்தகைய படத்துக்கு மிக விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை. விலங்கை நெருங்கித் தொந்தரவு செய்ய வேண்டியதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்விலங்கு எங்கே வாழ்கிறது என்பதை அந்தப் படம் சொல்லிவிடுகிறது. வாழிடங்கள் சுருங்கிவரும் இந்நாளில், படத்தின் உண்மையான மதிப்பு அந்தச் செய்தியில்தான் இருக்கிறது.

நிலமும் பொழுதும்

நம் இலக்கண மரபு இதனை மிகப் பழங்காலத்திலேயே வகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. விலங்கும் பறவையும் மரமும் கருப்பொருளாக அதன் பின்னரே வருகின்றன. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை, அதன் விலங்குகளுள் ஒன்று மான். மேகம் திரண்ட மாலை வானும் மானும் ஒரே காட்சியின் இரு பகுதிகள் என்பது அக்கால அறிவு. விலங்கை மட்டும் வெட்டி எடுத்து நிரப்பிய சட்டகத்தில் கருப்பொருள் இருக்கிறது. முதற்பொருள் விடுபட்டுப் போகிறது.

இந்தப் பார்வையுடன் இந்தியாவின் மூன்று இடங்களுக்குச் செல்வோம். குஜராத்தின் ஒரு புல்வெளி, ராஜஸ்தானின் ஒரு நீர்நிலை, நாகாலாந்தின் ஒரு நீர்த்தேக்கம். மூன்றிலும் வானம் வெவ்வேறு முகம் காட்டுகிறது. ஒவ்வொன்றும் ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது.

வேளாவதர்: காத்திருக்கும் மான், வந்து சேரும் மேகம்

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில், கம்பத் வளைகுடாவுக்கு அருகே அமைந்திருக்கிறது வேளாவதர் தேசியப் பூங்கா. 1976-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர் மட்டுமே. குன்றுகளோ அடர்ந்த காடோ இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை சமதரை; அதன் மேல் முழங்கால் உயரப் புல்; அதற்கு மேல் எங்கும் வானம். ஒருகாலத்தில் பாவ்நகர் சமஸ்தானத்து மன்னர்கள் பழக்கப்பட்ட சிவிங்கிப்புலிகளைக் கொண்டு இங்கே மான் வேட்டையாடினர். அந்தச் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல் நமீபியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விடப்பட்டன. வேளாவதரின் மான்கள் மட்டும் இன்றும் அதே புல்லில் மேய்கின்றன.

அந்த மானுக்குத் தமிழில் வெளிமான் என்று பெயர். பெயரிலேயே அதன் வாழிடம் இருக்கிறது. ஒளிந்துகொள்ளக் காடு தேடாமல், திறந்த வெளியில் தொலைதூரம் பார்த்து, ஆபத்து கண்டால் துள்ளி ஓடிப் பிழைக்கும் விலங்கு இது. ஆண் மானின் முதுகு கருமை, வயிறு வெண்மை, கொம்புகள் திருகு போல் முறுக்கி மேலெழுபவை. வானத்தின் பின்னணியில் வெறும் நிழலுருவாக நின்றாலும் இன்ன விலங்கு என்று யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். மந்தார வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு அரிது.

இனச்சேர்க்கைக் காலத்தில் வேளாவதரின் ஆண் மான்கள் ஒரே திடலில் நெருக்கமாகக் கூடி, ஒவ்வொன்றும் ஒரு சிறு இடத்தைத் தனதாக்கிக்கொண்டு காவல் காக்கும். அந்த இடத்தை விட்டு எளிதில் நகராது. ஒளிப்படக்காரருக்கு இது பெரிய வாய்ப்பு. விலங்கைத் துரத்த வேண்டியதில்லை. மான் நிற்கும் இடம் தெரிந்துவிட்டது. இனி மேகமும் ஒளியும் அங்கே வந்து சேரக் காத்திருந்தால் போதும்.

குஜராத்தின் பிற காடுகளைப் போலவே இப்பூங்காவும் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடப்பட்டிருக்கும். ஆகவே மேகத்தை நாடுவோர் ஜூன் மாதத்தின் முதல் இரு வாரங்களைக் கருத்தில் கொள்ளலாம். பருவமழை குஜராத்தை எட்டும் தறுவாயில், பிற்பகலில் தென்மேற்கே மேகம் மலைபோல் எழும். புழுதிக் காற்று முன்னே வரும். தொலைவில் மழைக்கால் இறங்குவது தெரியும். வெப்பம் கடுமையாக இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அந்நேரத்தில் கதிரவன் மேற்கே மேகத்தின் கீழ்விளிம்பைத் தாண்டிச் சில நிமிடங்கள் தலைகாட்டினால், கிழக்கே கருநீல மேகத்தின் முன் புல் முழுவதும் பொன்னிறமாக ஒளிரும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே பிற்பகல் முழுவதும் காத்திருக்கலாம்.

குளிர்காலத்தில் இதே வானம் வேறொரு காட்சியைத் தருகிறது. கஜகஸ்தானின் புல்வெளிகள் உள்ளிட்ட மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து பூனைப்பருந்துகள் இங்கே வலசை வருகின்றன. பகலில் சுற்றுவட்டார வயல்களில் வெட்டுக்கிளிகளை உண்டு திரியும் இவை, அந்தியில் நூற்றுக்கணக்கில் திரும்பிப் புல்லுக்குள் தரையிலேயே இறங்கி உறங்கும். உலகில் அறியப்பட்ட பூனைப்பருந்து உறைவிடங்களுள் மிகப் பெரியவற்றில் வேளாவதரும் ஒன்று. செவ்வானத்தின் கீழ், அகன்ற சிறகுகளை மேல்நோக்கி வளைத்துத் தாழப் பறக்கும் இப்பருந்துகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி எடுப்பதைவிட, இருபது முப்பது புள்ளிகளாக வானில் சிதறவிட்டு எடுக்கும் படமே அந்த மாலையின் உண்மையை நெருங்கி நிற்கும்.

பரத்பூர்: மூடுபனி கற்பிக்கும் சிக்கனம்

குஜராத்தின் மேகத்திலிருந்து வட இந்தியாவின் பனிக்கு வருவோம். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்நிலை. இயற்கையான தாழ்நிலத்தில் கரை எழுப்பி நீர் தேக்கி உருவாக்கப்பட்ட இவ்விடம், பரத்பூர் மன்னர்களும் அவர்தம் விருந்தினரும் வாத்து வேட்டையாடிய களம். 1938 நவம்பர் 12 அன்று, அப்போதைய வைஸ்ராய் லின்லித்கோ பிரபு பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன என்ற கணக்கு அங்குள்ள கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. துப்பாக்கிகள் முழங்கிய அதே கரைகளில் இன்று கேமராக்கள் நிற்கின்றன. 1985-இல் இப்பூங்கா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே காலை எட்டு, ஒன்பது மணி வரை கூட மூடுபனி விலகாது. சைக்கிள் ரிக்‌ஷாவிலோ நடந்தோ சென்றால், முதலில் அருகிலுள்ள மரம் கறுப்பாகவும், அடுத்தது சாம்பல் நிறமாகவும், அதற்கடுத்தது ஒரு சாயலாகவும் அடுக்கடுக்காகத் தெரியும். மரக்கிளையில் சிறகு விரித்து உலர்த்தும் பாம்புத்தாரா, நீரில் அசையாமல் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை, எங்கோ மறைந்திருந்து கூவும் சாரசக் கொக்கு இணை எனப் பனி ஒவ்வொன்றாகவே காட்டும். வேண்டாத பின்னணி அனைத்தையும் பனியே நீக்கிவிடுகிறது. சட்டகத்துக்குள் எதை விடலாம் என்ற பாடத்தை இங்கே கற்றுக்கொள்ளலாம்.

பனியில் இரண்டு நுட்பங்கள் உதவும். கேமராவின் ஒளி அளவி, வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டால் அதனைச் சாம்பல் நிறமாக்கிவிட முயலும். ஆகவே எக்ஸ்போஷர் ஈடுகட்டும் வசதியில் முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டி வைத்தால் பனி பனியாகவே பதிவாகும். அடுத்தது, தானியங்கிக் குவியம் பனியில் பிடிப்பின்றித் தடுமாறும். பறவையின் உடல் வானத்தைச் சந்திக்கும் விளிம்பில் குவியப் புள்ளியை வைத்தாலோ, கையால் குவியம் அமைத்தாலோ சிக்கல் தீரும்.

கேவலாதேவ் மற்றொன்றையும் நினைவூட்டுகிறது. சைபீரியாவிலிருந்து வலசை வந்த வெண்ணிறச் சைபீரியக் கொக்குகள் ஒருகாலத்தில் இப்பூங்காவின் பெருமையாக விளங்கின. கடைசி இணை 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காணப்பட்டது. அதன் பின் அவை வரவில்லை. அதற்கு முன் எடுக்கப்பட்ட ஒவ்வொரு படமும், எடுத்தவர் நினைத்திராத வகையில், இன்று ஓர் ஆவணம். கொக்கின் தலையை மட்டும் நிரப்பி எடுத்த படம் கொக்கைக் காட்டும்; நீரும் மரமும் காலைப்பனியுமாக எடுத்த படம், கொக்கு இருந்த கேவலாதேவைக் காட்டும்.

தோயாங்: படங்கள் காத்த பறவைகள்

படம் ஆவணமாவதோடு நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் நடப்பதை மாற்றவும் செய்கிறது. நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் தோயாங் ஆற்றின் மீது அமைந்த நீர்த்தேக்கத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமூர் வல்லூறுகள் வருகின்றன. புறாவைவிடச் சற்றே சிறிய இப்பறவைகள் சைபீரியாவின் கிழக்குப் பகுதியிலிருந்தும் வடகிழக்குச் சீனத்திலிருந்தும் கிளம்பி, இங்கே ஈசல்களை உண்டு உடல் தேற்றி, பின்னர் இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலை இடைநிற்காமல் தாண்டி, ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சேர்கின்றன.

2012 அக்டோபரில், தோயாங் கரையில் மரங்களுக்கிடையே கட்டப்பட்ட மீன்வலைகளில் இவை ஆயிரக்கணக்கில் சிக்க வைக்கப்பட்டு இறைச்சிக்காகக் கொல்லப்படுவதைக் காட்டும் படங்களும் காணொளியும் வெளியாயின. உலகெங்கும் அதிர்ச்சி எழுந்தது. அடுத்து நிகழ்ந்ததுதான் வியப்பு. மாநில வனத்துறை, இயற்கை ஆர்வலர்கள், திருச்சபை, ஊர் மன்றங்கள் எல்லோரும் கைகோத்தனர். பாங்தி முதலிய லோத்தா நாகா கிராமங்களின் மக்களே வேட்டையைக் கைவிட முன்வந்தனர். 2013-ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கே வல்லூறுகள் வலைகளில் மாளவில்லை. அவ்வாண்டு செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பப்பட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்றே பெயரிடப்பட்டது.

இன்று அதே வானத்தைப் படம் எடுக்க நாடெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். விடியலிலும் அந்தியிலும் வானம் நிறையப் பறவைகள் சுழலும் காட்சிக்கு நெடுந்தொலைவு லென்ஸ் பெரிதும் உதவாது. 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸே பொருத்தம். சில வேளைகளில் கைப்பேசியின் அகன்ற பார்வையே போதுமானது. நாகாலாந்துக்குள் நுழைய, பிற மாநிலத்தவருக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு தேவை என்பதை மறக்க வேண்டாம்.

கேமராவிடம் சொல்ல வேண்டியவை

மேகம் கவிந்த நாளின் முதன்மையான சிக்கல் ஒன்றுதான்: மந்தாரமாகத் தோன்றினாலும் வானம் தரையைவிடப் பல மடங்கு ஒளி மிகுந்தது. கேமரா இரண்டையும் சராசரியாகக் கணக்கிட்டால் வானம் வெளிறிப்போகும். வெளிறிய இடத்தில் எந்தத் தகவலும் பதிவாகாது. அதனைப் பின்னர் மீட்க இயலாது. நிழலில் மங்கியதை ஓரளவு மீட்கலாம். எனவே மேகத்தின் வெண்மை வெளிறாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, ரா கோப்பாகப் பதிவு செய்து, தரைப்பகுதியைப் பின்னர் கணினியில் சற்றே ஒளியூட்டுவது பாதுகாப்பான வழி. கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நிற்கவில்லை என்பதை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

நிழலுருவப் படம் வேண்டுமெனில் ஒன்று முதல் ஒன்றரைப் படி வரை மேலும் குறைக்கலாம். அப்போது விலங்கின் உருவம் தெளிவாக இருக்க வேண்டும். இரு மான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அவை விலகும் வரை பொறுக்க வேண்டும். கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் விலங்கின் உடல் தொடுவானத்துக்கு மேல் எழும். கொம்பும் கால்களும் வானத்தில் தனித்துத் தெரியும்.

மேய்ந்து நிற்கும் விலங்குக்கு 1/250 விநாடி ஷட்டர் வேகம் போதுமானது. ஓடும் மானுக்கும் பறக்கும் பறவைக்கும் 1/1000 அல்லது அதற்கும் மேல் தேவைப்படும். மந்தார நாளில் இந்த வேகத்தைப் பெற ஐஎஸ்ஓ 800 முதல் 1600 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். சற்றுப் புள்ளிகள் தோன்றினாலும் படம் நிற்கும். அசைந்து கலங்கிய படத்துக்கு மருந்தில்லை. வானமும் விலங்கும் இரண்டும் தெளிவாக வேண்டும்போது எஃப் 8 அளவில் அபெர்ச்சரை வைக்கலாம்.

வானவில் தேடுவோருக்கு ஒரு சிறு கணக்கு. வானவில் எப்போதும் கதிரவனுக்கு நேர் எதிர்த்திசையில், அந்த எதிர்ப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 42 பாகை கோணத்தில் தோன்றும். ஆகவே கதிரவன் வானில் 42 பாகைக்கு மேல் ஏறியிருந்தால் சமதரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது. காலையிலும் மாலையிலும் கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, முன்னே மழை பெய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்விடத்தில் ஒரு விலங்கும் நிற்குமானால் அது நல்வாய்ப்பு.

கேமரா இல்லாதவர்கள் கைப்பேசியில் முயலலாம். திரையில் வானத்தின் ஒளிமிகுந்த பகுதியைத் தொட்டு, ஒளிர்வுக் கோட்டைச் சற்றுக் கீழிறக்கினால் மேகத்தின் வடிவங்கள் வெளிப்படும். விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதைத் தவிர்த்து, விலங்கு சிறியதாகவே இருக்கட்டும் என விட்டுவிடுவது நலம்.

வண்ணம் மங்கிய நாள்களில் கறுப்பு வெள்ளை பெரிதும் கைகொடுக்கும். சென்னையைச் சேர்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட கனமான கேமராவுடன் காடுகளில் நடந்தும், யானை மீது அமர்ந்தும், வாழ்நாள் முழுவதும் கறுப்பு வெள்ளையிலேயே விலங்குகளைப் படமெடுத்தார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்ற அவருடைய படங்களைப் பார்ப்போருக்கு, ஒளியும் நிழலும் மட்டுமே ஒரு விலங்கின் இயல்பைக் காட்டப் போதுமானவை என்பது விளங்கும்.

மின்னல், ஈரம், செலவு

திறந்த வெளியில் மேகத்தைப் படம் எடுப்பவர் மின்னலுக்கு அஞ்ச வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உடனே மூடிய வாகனத்துக்கோ கட்டடத்துக்கோ சென்றுவிட வேண்டும்; கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வரலாகாது. தனி மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. உலோக முக்காலியைப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்பதும் அவ்வாறே.

குளிரூட்டிய அறையிலிருந்து மழைக்கால வெளிக்குக் கேமராவைத் திடீரெனக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்து, வெளி வெப்பத்துக்குப் பழகவிட்டுப் பின் எடுங்கள். தூறலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் இரப்பர் வளையமும் போதும். வீடு திரும்பியதும் ஈரத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை படராது.

செலவைப் பற்றியும் சொல்வது நம் கடமை. வானத்தையும் சேர்த்து எடுப்பவருக்கு, தொடக்கத்தில் 70–200 அல்லது 70–300 மில்லிமீட்டர் லென்ஸே போதுமானது. அதைவிட நீண்ட லென்ஸ் ஆண்டுக்கு ஒருமுறைப் பயணத்துக்கு மட்டும் தேவைப்பட்டால், பெருநகரங்களில் நாள் வாடகைக்குப் பெறலாம். பொழுதுபோக்குக்காகக் கடன் அட்டையில் பெருந்தொகை செலவிட்டு வட்டி கட்டுவதைவிட, மாதந்தோறும் தொடர் வைப்பில் சிறு தொகை சேர்த்து, ஓராண்டு கழித்து வாங்குவது மேல். அந்த ஓராண்டில் கையிலிருக்கும் கருவியைப் பழகியும் விடலாம். வாங்கியபின் ரசீதையும் வரிசை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். காப்பீடு கோரும்போது அவையே சான்று. சஃபாரிக்கும் தங்குமிடத்துக்கும் மாநில வனத்துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டுமே பணம் செலுத்துங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகளைத் திறப்பதும், ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பகிர்வதும் கூடாது.

கம்பிகளையும் விட்டுவைப்போம்

அரிய பறவையின் குரலை ஒலிபரப்பி அழைப்பது, இரை காட்டி இழுப்பது, கூட்டை நெருங்குவது, வாகனத்தைப் பாதை விட்டு இறக்குவது ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை என்பது பலரும் அறிந்ததே. பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடவும் கூடாது. அரிய உயிரினங்களின் படங்களைப் பகிரும்போது துல்லியமான இருப்பிடத் தகவலை நீக்கிவிடுவது நன்று. வானத்தைச் சேர்த்து எடுப்பவருக்கு மேலும் ஒரு கடமை இருக்கிறது.

இன்றைய மென்பொருள்கள் வெளிறிய வானத்தை நீக்கிவிட்டு, வேறெங்கோ எடுத்த கார்முகிலை ஒரு விரல் தொடுதலில் பொருத்திவிடுகின்றன. கணக்கேட்டில் நடவாத வரவொன்றை எழுதுவதற்கு ஒப்பானது இது. கூட்டுத்தொகை அழகாக இருக்கலாம். ஏடு நம்பத் தகாததாகிவிடும். ஒளியைச் சீர்செய்யலாம், நிறத்தைச் சரிசெய்யலாம். அந்த நாளில் அந்த இடத்தில் இல்லாத வானத்தைச் சேர்க்காமல் இருப்போம். தேதியும் இடமும் குறிக்கப்பட்ட உண்மையான படத்தை இ-பேர்டு போன்ற பறவைப் பதிவுத் தளங்களில் ஏற்றினால், ஆய்வாளர்களுக்கும் அது பயன்படும்.

சேர்க்காதிருப்பதைப் போலவே, இருப்பதை அழிக்காதிருப்பதும் முக்கியம். மேற்கு ராஜஸ்தானின் வறண்ட புல்வெளிகளில் வாழும் கானமயில், இயற்கைச் சூழலில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. உடல் கனமானது, முன்னோக்கிய பார்வை குறுகியது. வானில் குறுக்கே செல்லும் உயரழுத்த மின்கம்பிகளைக் கடைசி நொடியில் கண்டு விலக அதனால் இயல்வதில்லை. சூரிய ஆற்றலும் காற்றாற்றலும் நாட்டுக்குத் தேவை, அப்பறவையும் தேவை. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பது உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. கம்பிகளைப் புதைப்பது குறித்து 2021-இல் பிறப்பித்த ஆணையை 2024-இல் மாற்றியமைத்து, நிபுணர் குழுவொன்றை நீதிமன்றம் நியமித்தது.

அத்தகைய புல்வெளியில் படம் எடுக்கும்போது, மேகத்தின் குறுக்கே ஓடும் கம்பியைக் கண்டு நமது கை தன்னிச்சையாக அழிப்பானை நாடுகிறது. அழிக்காமல் விட்ட படத்தில்தான் அப்பறவையின் இன்றைய வானம் இருக்கிறது. வேளாவதரைச் சூழ்ந்த நிலங்களில் பரவியிருக்கும் சீமைக்கருவேல் புதர்களுக்கும் இது பொருந்தும். இவ்வகைப் புல்வெளிகள் அரசு ஆவணங்களில் நெடுங்காலமாகத் தரிசு என்றே வகைப்படுத்தப்பட்டு வந்திருக்கின்றன. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது எளிது. அங்கே ஆண் மான் காவல் நிற்கிறது, கஜகஸ்தானத்துப் பருந்து உறங்குகிறது, மழைக்காலத்தில் வரகுக்கோழி புல்லுக்கு மேலே துள்ளித் துணையை அழைக்கிறது என்பதைக் காட்டும் ஒரு படம், அந்த ஒற்றைச் சொல்லுக்கு நேர்மையான மறுப்பு.

அடுத்த விடுமுறைக்குச் சீட்டு எடுத்திருக்கிறீர்கள். கிளம்பும் முன் வானிலை அறிக்கை மேகமூட்டம் என்று சொல்கிறது. பயணத்தை நீக்க வேண்டாம். மழை உறை ஒன்றையும் குறுகிய லென்ஸையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு தொலைவில் நின்றால் தொலைவிலேயே நிற்கட்டும். அதன் தலைக்கு மேல் இருக்கும் வானத்துக்குச் சட்டகத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம் கொடுங்கள். படத்தின் கீழே நாளையும் ஊரையும் தவறாமல் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் யாரேனும் அவ்விடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், விடை அந்தப் படத்தில் இருக்கும்.